ட்ரில் வாங்கும் முன் சுவரைத் தட்டிப் பாருங்கள்

திருகோணமலையில் எந்த ஹார்ட்வெயார் கடைக்குப் போய் ட்ரில் மெசின் கேட்டாலும், கடைப்பையன் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை வோட்ஸ் அண்ணன்?" என்பதுதான். அவன் கேட்க வேண்டியது வேறு: "உங்க வீட்டுச் சுவர் என்ன சுவர்?" வோட்ஸ் என்பது மெசின் எவ்வளவு கரண்ட் தின்கிறது என்ற கணக்கு. தின்றதற்கு ஏற்ற வேலை செய்யுமா என்பது தனிக்கதை. வீட்டிலும் அப்படிச் சிலர் உண்டு.

ஆகவே கடைக்குப் போகும் முன் வீட்டைச் சுற்றி வந்து விரல் முட்டியால் சுவரைத் தட்டுங்கள். நகரத்தின் பழைய பகுதியில் இருப்பது சுண்ணாம்புச் சாந்து பூசிய தடித்த சுவர் என்றால் சத்தம் மந்தமாக இருக்கும். பூச்சு சில இடங்களில் கல்லைவிட்டு விலகி, மண்பானையைத் தட்டியதுபோலக் கேட்கும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகும், யுத்தம் முடிந்த பிறகும் எழுந்த வீடுகளில் பெரும்பாலும் சீமெந்துக் கல் சுவர். ஒரே வீட்டில் இரண்டும் இருப்பதும் உண்டு: முன்மண்டபம் தாத்தா காலம், பின்னுக்கு இறக்கிய அறை மகன் காலம். எந்தக் காலத்து வீடானாலும் கதவு, யன்னல்களுக்கு மேலே ஒரு கொங்கிறீற் லிண்டல் இருந்தால் அது மூன்றாவது வகைச் சுவர். வீட்டுக்காரரின் ட்ரில்லைத் தோற்கடிப்பது எப்போதும் இந்த மூன்றாவதுதான். ஏனென்றால் திரைச்சீலைக் கம்பி தொங்க வேண்டிய இடம் அதே லிண்டல்.

நான் தோற்ற கதையைச் சொல்லிவிடுகிறேன். முதல் வீட்டுக்குக் குடிவந்த கிழமை, புத்தம் புது இம்பக்ட் ட்ரில்லோடு கதிரையில் ஏறி நின்றேன். யன்னலுக்கு மேல் நான்கு துளை வேண்டும். அரை மணித்தியாலத்தில் அரை அங்குலம் இறங்கியது. பிட்டின் நுனி நீலம் பாய்ந்தது, என் தோள் செத்தது. பக்கத்து வளவில் மதில் கட்டிக்கொண்டிருந்த மேசன் அண்ணன் சத்தம் தாங்காமல் எட்டிப் பார்த்தார். "தம்பி, நீங்க லிண்டலுக்குக் கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டு நிக்கிறீங்க" என்றார். தன்னுடைய ஹாமரைக் கொண்டுவந்து நான்கு துளையையும் போட்டு முடித்துவிட்டு, நான் ஊற்றிய தேத்தண்ணி ஆறுமுன் திரும்பிப் போனார்.

அவரிடம் இருந்தது ரொட்டரி ஹாமர். என் இம்பக்ட் ட்ரில்லும் அதுவும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே வேறு வேறு. இம்பக்ட் ட்ரில்லுக்குள் பல் வைத்த இரண்டு வட்டத்தகடுகள் ஒன்றோடொன்று உரசித் துள்ளுகின்றன. அது நிமிடத்துக்குப் பல்லாயிரம் தடவை அடிக்கும், ஆனால் ஒவ்வொன்றும் எறும்புக்கடி. நீங்கள் தோளைக் கொடுத்து அழுத்தினால்தான் அந்த அடியும் விழும். ரொட்டரி ஹாமருக்குள் ஒரு பிஸ்டன் காற்றை அமுக்கி, அந்தக் காற்று ஒரு சுத்தியலைத் தள்ளுகிறது. நிமிடத்துக்கு நாலைந்தாயிரம் அடிதான், ஆனால் ஒவ்வொன்றும் அடி. நீங்கள் நேராகப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும். போஷ் நிறுவனம் 1932இல் இந்த வகையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பிட்டைத் திறப்பில்லாமல் சொருகி 'டக்' என்று பூட்டும் எஸ்.டி.எஸ். வாய் 1970களில் வந்தது. இன்று கடையில் எஸ்.டி.எஸ். பிளஸ் என்று கேட்டால் எல்லோருக்கும் விளங்கும்.

என் அபிப்பிராயம் இது. வீட்டில் சீமெந்தும் கொங்கிறீற்றும் இருந்தால் முதல் மெசின் இரண்டு ஜூல் அடிவலு உள்ள சிறிய ரொட்டரி ஹாமராக இருக்கட்டும். பெட்டியில் ஜூல் எத்தனை என்று போட்டிருக்கும். வோட்ஸை விட்டுவிட்டு அதைப் பாருங்கள். மூன்று நிலை உள்ளதாக வாங்குங்கள்: சுற்று மட்டும், சுற்றும் அடியும், அடி மட்டும். கடைசி நிலையில் உளி பிட் போட்டால் பழைய டைல் கழற்றலாம், வயர் ஓட்டக் காடி வெட்டலாம். சுண்ணாம்புச் சுவர் மட்டுமே உள்ள வீட்டுக்காரருக்கு இது வேண்டாம். அங்கே அடி நிலையை ஒருபோதும் போடாதீர்கள். சாதாரண ட்ரில்லைச் சுற்று நிலையில் மெதுவாக விட்டாலே பிட் இறங்கும். அடித்தால் ஆறு மில்லிமீற்றர் துளைக்குப் பதிலாக உள்ளங்கை அளவு பூச்சு காலடியில் விழும்.

துளை போடும்போது கண் பிட்டில் இருப்பதைவிட, விழும் தூளில் இருக்கட்டும். சிவப்பென்றால் செங்கல், சாம்பல் நிறமென்றால் சீமெந்துக் கல், வெள்ளை மாவென்றால் சுண்ணாம்பு. திடீரென்று தூள் வருவது நின்று, சத்தம் உச்சத்துக்குப் போனால் கம்பியில் இடித்துவிட்டீர்கள். அழுத்தாதீர்கள், இரண்டு விரல் தள்ளி வேறு துளை போடுங்கள். பிட் திடீரென்று உள்ளே விழுந்தால் அது பொந்துள்ள கல். அங்கே சாதாரண ரோல் பிளக் பிடிக்காது, பொந்துக்குள் விரிகிற வகையைக் கேளுங்கள். சுவிட்சுக்கும் பிளக் பொயின்ருக்கும் நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடுவதே வேண்டாம், வயர் அந்த வழியாகத்தான் வந்திருக்கும்.

ஆறு மில்லிமீற்றர் பிளக்குக்கு ஆறு மில்லிமீற்றர் பிட். பிளக்கின் நீளத்தைவிட அரை அங்குலம் கூடுதலாக இறங்கட்டும். பிட்டில் இன்சுலேஷன் ரேப் சுற்றி அளவு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தூளை வெளியேற்ற வேண்டும். இதைப் பத்தில் ஒன்பது பேர் செய்வதில்லை. செய்யும் ஒருவரும் வாயால் ஊதிக் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறார். சைக்கிள் பம்ப் நுனியைத் துளைக்குள் வைத்து நாலு அடி அடித்தால் போதும். தூள் மிஞ்சிய துளையில் பிளக் தூளின்மேல்தான் நிற்கும், சுவரில் நிற்காது. ஒரு வருசம் கழித்துத் திரைச்சீலை கம்பியோடு கீழே வருவது அதனால்தான்.

இனி கரண்ட். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ஜப்பானிலிருந்து வரும் பழைய மெசின்கள் மலிவாகவும் உறுதியாகவும் இருக்கும், ஆனால் அங்கே 100 வோல்ட். வயிற்றில் ஒட்டிய தகட்டைப் படிக்காமல் நம் பிளக்கில் சொருகினால் ஒரு உறுமல், ஒரு புகை, முடிந்தது. இங்கிலாந்துக் கட்டட வேலைத்தளங்களில் ஓடிய, மஞ்சள் நிறப் பிளக் போட்ட 110 வோல்ட் மெசின்களும் இதே சாதி. அந்தத் தகட்டிலேயே சதுரத்துக்குள் சதுரம் போட்ட ஒரு குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் இரட்டைக் காப்பு உள்ள மெசின். அதற்கு ஏர்த் வயர் தேவையில்லை. ஏர்த் சரியாக இல்லாத பழைய வீடுகளில் இது பெரிய காரியம்.

அதைவிடப் பெரிய காரியம் ட்ரிப் சுவிட்ச். 30 மில்லிஅம்பியர் கசிந்தவுடன் கரண்டை வெட்டுவது அது. கிணற்றடியிலோ, மழை விட்ட முற்றத்திலோ, வெறுங்காலோடு மெசின் பிடிக்கும் ஊர் நம் ஊர். ட்ரிப் சுவிட்சிலுள்ள சோதனைப் பொத்தானை இப்போதே போய் அமத்திப் பாருங்கள். வீடு முழுக்க இருண்டால் நல்லது. இருளாவிட்டால் இந்த அத்தியாயத்தை மூடிவைத்துவிட்டு எலெக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

நீட்டு வயர் விஷயத்தில் நம்மவர் கஞ்சத்தனம் தெரியும்: டேபிள் ஃபானுக்கு வாங்கிய மெல்லிய வயரில் வட்டவாளை ஓட்டுவது. கணக்கைப் பாருங்கள். 0.75 சதுர மில்லிமீற்றர் வயர் 30 மீற்றர் என்றால், போய் வரும் செம்பின் தடை சுமார் 1.4 ஓம். 1,400 வோட்ஸ் வாள் ஆறு அம்பியர் இழுக்கும்போது எட்டு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலைகிறது. ஐம்பது வோட்ஸ் வயரைச் சூடாக்குவதில் போகிறது. சுருளாகச் சுற்றியபடி ஓட்டினால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் உறை உருகும். 1.5 சதுர மில்லிமீற்றர் வயர் வாங்குங்கள், முழுவதையும் அவிழ்த்துப் போடுங்கள்.

பற்றரி மெசின்மேல் நம் நாட்டில் ஆசை வந்த நாள் தெரியும். 2022 மார்ச் 31ஆம் தேதியை அண்டி ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை கரண்ட் இல்லாமல் கிடந்தோம். ஸ்க்ரூ முடுக்கவும் மரத்தில் துளை போடவும் பற்றரி மெசின்தான் சுகம், அதில் சந்தேகமில்லை. ஆனால் பெட்டியில் '20 வோல்ட்' என்று கண்டால் 18ஐவிடப் பலசாலி என்று நினைக்காதீர்கள். இரண்டும் ஐந்து செல் போட்ட அதே பற்றரி. ஒரு செல் 3.6 வோல்ட் என்று பெருக்கினால் 18. சார்ஜ் ஏறிய சூட்டோடு நாலு வோல்ட் என்று பெருக்கினால் 20. உள்ளே மாற்றமில்லை, பெட்டியில்தான். எத்தனை அம்பியர்-அவர் என்பதைக் கேளுங்கள். ஒரே பற்றரியில் ட்ரில், வெட்டுவாள், லைட் எல்லாம் ஓடுகிற ஒரு குடும்பத்தைத் தெரிவுசெய்து அதோடே இருங்கள். மெசினை மாற்றுவதைவிடப் பற்றரிக் குடும்பத்தை மாற்றுவதுதான் செலவு. கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில் பற்றரியை ஓட்டோவுக்குள்ளோ தகரக் கொட்டிலிலோ விடாதீர்கள். நாற்பது பாகைக்கு மேல் சூட்டில் சார்ஜ் ஏற்றவும் வேண்டாம். நெடுநாள் வைப்பதென்றால் பாதிச் சார்ஜில் வையுங்கள்.

அடுத்தது கிரைண்டர். எல்லோரும் முதலில் வாங்க ஆசைப்படுவது இதுதான், நான் கடைசியாக வாங்கச் சொல்வதும் இதுதான். இந்த மாவட்டத்தில் கதவு, கிராதி, படகுக் கம்பி எல்லாமே கறள் பிடிப்பதால் கிரைண்டருக்கு வேலை குறையாது, உண்மை. ஆனால் அது சுற்றும் வேகத்தை ஒரு முறையாவது கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். நாலு அங்குலத் தட்டின் சுற்றளவு 31 சென்ரிமீற்றர் சொச்சம். நிமிடத்துக்கு 11,000 சுற்று. அப்படியென்றால் தட்டின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீற்றரைத் தாண்டி ஓடுகிறது, உங்கள் வயிற்றிலிருந்து ஒரு முழத் தூரத்தில்.

வெட்டும் தட்டு தாங்கக்கூடிய உச்ச வேகம் செக்கனுக்கு 80 மீற்றர். அதாவது மணிக்கு 288 கிலோமீற்றர். நாலு அங்குலத் தட்டு அதற்குள்தான் நிற்கிறது. சிலர் மதில் வெட்ட ஆழம் காணாதென்று காவல் தகட்டைக் கழற்றிவிட்டு ஏழு அங்குலத் தட்டை அதே சின்ன மெசினில் ஏற்றுவார்கள். அப்போது விளிம்பு வேகம் மணிக்கு 370 கிலோமீற்றருக்கு மேல். தட்டு சிதறாமல் இருந்தால் அது அவர்களுடைய தாயார் செய்த புண்ணியம். மரம் வெட்டும் பல்வாள் தட்டை கிரைண்டரில் பூட்டுவதும் இதே ரகம். பல் மரத்தில் சிக்கினால் மெசின் கையை விட்டுத் துள்ளி, பிடித்திருப்பவரின் கழுத்து மட்டத்துக்கு வரும்.

தட்டின் நடுவில் ஒரு இரும்பு வளையம் இருக்கிறதல்லவா, அதைப் படித்துப் பாருங்கள். தரமான தட்டில் மாதமும் வருடமும் அடித்திருக்கும். அது காலாவதித் தேதி. செய்த நாளிலிருந்து மூன்று வருடம். தட்டைப் பிடித்து நிறுத்துவது ஒருவகைப் பிசின், ஈரம் பட்டுப் பட்டு அது இளகிப்போகும். கடற்கரைக் கடையொன்றில் நான்கு மாரி கண்ட தட்டை 'பழைய விலைக்கே தாறேன்' என்று தந்தால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுங்கள்.

கிரைண்டர் பிடிக்கும்போது சாரம் வேண்டாம். தொங்கும் துணி எதுவும் வேண்டாம். கண்ணாடி என்றால் பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி, வெயில் கண்ணாடி அல்ல. தட்டின் தளத்துக்கு நேரே நிற்காமல் அரை அடி விலகி நில்லுங்கள், சிதறினால் துண்டுகள் அந்தத் தளத்தில்தான் பறக்கும். புதுத் தட்டு போட்டால் வெட்டும் முன் ஆளில்லாத பக்கம் காட்டி அரை நிமிடம் சும்மா ஓடவிடுங்கள்.

அஸ்பெஸ்ரஸ் சீற்றைக் கிரைண்டரால் வெட்டாதீர்கள். நம் கூரைகளில் பலவும் அதுதான், ஆகவே இந்த ஆசை எல்லோருக்கும் வரும். நீல அஸ்பெஸ்ரஸ் 1997இல் இந்த நாட்டில் தடைசெய்யப்பட்டது. வெள்ளையையும் படிப்படியாக நிறுத்தப் போவதாக அரசு சொல்லிக்கொண்டிருந்தபோது, 2017 டிசம்பரில் ரஷ்யா நம் தேயிலையில் ஒரு வண்டு கண்டதென்று இறக்குமதியை நிறுத்தியது. சீற்றுக்கு வரும் அஸ்பெஸ்ரஸ் பெரும்பாலும் ரஷ்யாவிலிருந்து. தடையும் பின்போடப்பட்டது. தேயிலையும் கூரையும் இப்படி ஒன்றையொன்று கட்டிப்போட்ட கதை வேறெங்கும் இருக்குமோ தெரியாது. அரசியல் எப்படியோ போகட்டும், உங்கள் நுரையீரலுக்கு அந்த நார் ஆகாது. வெட்டியே ஆக வேண்டுமானால் சீற்றைத் தண்ணீரால் நனைத்து, கைவாளால் மெதுவாக வெட்டி, ஈரம் காயுமுன் தூளைத் துடைத்துப் பையில் கட்டுங்கள். மூக்கில் கைக்குட்டை போதாது. பி100 வடிகட்டி உள்ள மாஸ்க் போட வேண்டும். கொங்கிறீற்றையும் டைலையும் வறண்டபடி வெட்டும்போது எழும் தூளுக்கும் இதே மாஸ்க்.

மர வேலைக்கு வருவோம். ஒரு காலத்தில் மரம்தான் இந்தத் துறைமுகத்தின் பெயரைக் கடல் கடத்தியது. சிங்களத்தில் ஹல்மில்ல எனப்படும் மரத்துக்கு வெளிநாட்டு வியாபாரிகள் வைத்த பெயரே 'திருகோணமலை மரம்'. வளைந்து கொடுக்கும், முறியாது. சென்னைக் கரையின் அலையைத் தாண்டும் மசூலாப் படகுக்கு இங்கிருந்து ஏற்றிப் போனார்கள். வீட்டில் இன்று கையில் வருவது பெரும்பாலும் முதிரையும் பாலையும், பழைய கதவு நிலையாகவோ உடைத்த கட்டிலாகவோ. இரண்டும் இரும்பு மாதிரி. வழித்துளை போடாமல் ஸ்க்ரூவை மெசினால் முடுக்கினால் தலை கையோடு வரும், உடல் மரத்துக்குள் கிடக்கும். நாலு மில்லிமீற்றர் ஸ்க்ரூவுக்கு மூன்று மில்லிமீற்றர் துளை, புரியில் கொஞ்சம் சவர்க்காரம். முதிரையை அறுப்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று, அதன் தூள் சிலருக்குத் தோலில் சொறியும் கொப்புளமும் உண்டாக்கும். முழுக்கைச் சட்டை போட்டு, வேலை முடிந்ததும் குளித்துவிடுங்கள். வளைவாக வெட்ட ஜிக்சோ ஒன்று போதும். வட்டவாள் வருடத்துக்கு இரண்டு தரம் தேவைப்பட்டால் வாடகைக்கு எடுங்கள்.

எல்லா மெசினுக்கும் பொது எதிரி உப்பு. அலை உடைந்து தெறிக்கும் இடத்தில்தான் உப்புத் துளி காற்றில் ஏறுகிறது. ஆகவே உட்துறைமுக வீதிப் பக்கத்து வீட்டைவிட, அலை அடிக்கும் டச்சுக்குடா, உப்புவெளிப் பக்கத்து வீடுகளில் கறள் முந்தும். காற்றில் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்து நனையும். நம் இரவுகள் அநேகமாக அதற்கு மேல். மெசினில் படிந்த உப்பு பகலில் காய்ந்து, இரவில் நனைந்து, இரும்பைத் தின்னும். அதன்மேல் எண்ணெய் பூசினால் உப்பைப் போர்த்திப் படுக்கவைத்தது போலத்தான். முதலில் பிளக்கைக் கழற்றி, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். பிறகு காய்ந்த துணி. அதற்குப் பிறகே பிட் பூட்டும் வாயிலும் இரும்புப் பாகங்களிலும் இரண்டு சொட்டுத் தையல் மெசின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துத் தூளைப் பிடிக்கும். மூடி இறுகும் பிளாஸ்ரிக் பெட்டியில், சப்பாத்துப் பெட்டிகளில் வரும் அந்தச் சின்ன சிலிக்கா பைகளைச் சேர்த்துவைத்துப் போடுங்கள். வாங்கும் கடையில் அந்த மெசினுக்குக் காபன் பிரஷ் கிடைக்குமா என்று அன்றே கேளுங்கள். இரண்டு துண்டுக் காபன் கிடைக்காததால் குப்பைக்குப் போன நல்ல மெசின்கள் இந்த ஊரில் நிறைய.

மாரியில் கதவு இறுகும். வருடத்து மழையில் பாதிக்கு மேல் ஒக்டோபர் முதல் டிசம்பர்வரை கொட்டித் தீர்க்கும் ஊரில் மரம் ஊதத்தான் செய்யும். கையில் புது மின்சீவுளி இருக்கிறதே என்று அன்றே சீவித் தள்ளினால், ஜூன் மாதக் கச்சான் காற்றில் அதே கதவுக்கும் நிலைக்கும் நடுவில் விரல் போகும் இடைவெளி விடும். பல்லி போகும், பாம்புக் குட்டியும் போகும். உரசும் விளிம்பில் சோக்கால் கோடு போடுங்கள். இப்போதைக்கு அந்த இடத்தில் மெழுகுதிரியைத் தேய்த்துச் சமாளியுங்கள். மாசி பிறந்து நாலைந்து நாள் நல்ல வெயில் கண்ட பிறகும் அந்தக் கோட்டில் உரசினால் சீவுளியை எடுங்கள், ஒரு மில்லிமீற்றருக்கு மேல் சீவாதீர்கள், சீவிய பச்சை விளிம்புக்கு அன்றே வார்னிஷ் பூசுங்கள்.